பெஞ்ச் கதவுக்குப் பக்கத்துல ஒரு சீசன்

கணக்கை முதல்லயே சொல்லிடுறேன். 2024-25 சீசன்ல எங்க காலேஜ் பொண்ணுங்க ஐஸ் ஹாக்கி டீம் ஆடுனது 20 மேட்ச், ஜெயிச்சது 5. அதுல நான் கோல்ல நின்னது ரெண்டு முழு மேட்ச், இன்னொரு மேட்ச்ல கடைசி பீரியட் (மூணுல ஒரு பங்கு) மட்டும். மிச்ச நேரமெல்லாம் கோலி டிரெஸ் முழுசையும் மாட்டிக்கிட்டு பெஞ்ச் ஓரத்துல நின்னு கதவு திறந்து விட்டேன். கிண்டலுக்குச் சொல்லல, ஐஸ் ஹாக்கில ரெண்டாவது கோலிக்கு நெஜமாவே அதுதான் வேலை. அந்த வேலையை ஒழுங்கா கத்துக்கவே எனக்கு டிசம்பர் ஆயிருச்சு. (கோலின்னா இங்க கோல்கீப்பர். எங்கம்மாகிட்ட ஃபோன்ல "நான் கோலிம்மா"ன்னு சொன்னப்ப அவங்க கோலிகுண்டுன்னு நெனச்சு ரெண்டு நிமிசம் பேசிட்டு இருந்தாங்க.)

நான் கோவில்பட்டிக்காரி. வெளியூர்க்காரங்களுக்கு எங்க ஊர்னா கடலைமிட்டாய், எங்களுக்கு ஹாக்கி. தெருவுக்கு ரெண்டு பேராவது ஸ்டிக் தூக்கிட்டுத் திரிவாங்க. நான் ஒம்பதாவதுலேருந்து பன்னெண்டாவது வரைக்கும் ஸ்கூல் டீம்ல கோல்கீப்பர். அப்புறம் இன்ஜினியரிங், அப்புறம் வேலை, ஸ்டிக் பரண் மேல போயிருச்சு. எம்எஸ் படிக்க அமெரிக்காவுல மிச்சிகன் வந்து முதல் வாரம் காலேஜ்ல எல்லா கிளப்பும் டேபிள் போட்டு ஆள் சேர்த்துட்டு இருந்தாங்க, ஒரு டேபிள்ல ஹாக்கின்னு போர்டு பாத்ததும் ஊர் ஞாபகத்துல நேராப் போய் "நான் ஹாக்கி ஆடுவேன், கோல்கீப்பர்"னு சொல்லிட்டேன். அங்க ஹாக்கின்னா ஐஸ் ஹாக்கி மட்டும்தான், நம்ம ஆடுறதை ஃபீல்ட் ஹாக்கின்னு தனியாச் சொல்லணும்னு அப்ப எனக்குத் தோணவே இல்ல. கேப்டன் பொண்ணு கோல்கீப்பர்ங்கிற வார்த்தையைக் கேட்டதும் பேனாவை எடுத்துக் கையில குடுத்துட்டா. ஸ்கேட்டிங் தெரியாதுன்னு சொன்னேன். "சரி, அதைக் கத்துக்கலாம்"னா. அவங்ககிட்ட அந்த வருசம் ஒரே ஒரு கோலிதான் இருந்துருக்கா, ரெண்டாவது ஆள் கிடைச்சா போதும், நிக்கத் தெரியலன்னாலும் பரவால்லங்கிற நெலமை. அது எனக்கு ரெண்டு வாரம் கழிச்சுதான் புரிஞ்சுது.

இங்க காலேஜ் டீம்னா ரெண்டு வகை. ஒண்ணு வார்சிட்டி, அதாவது காலேஜே நடத்துற டீம், என்சிஏஏங்கிற தேசிய காலேஜ் விளையாட்டு அமைப்புக்குக் கீழ வர்றது. முதல் டிவிஷன்ல ஒரு பொண்ணுங்க டீமுக்கு 18 ஸ்காலர்ஷிப் வரைக்கும் குடுக்கலாம்னு அப்ப விதி, கோச்சுக்குச் சம்பளம், பஸ்ஸு, ஹோட்டல் எல்லாம் காலேஜ் பாத்துக்கும். இன்னொண்ணு கிளப். ஏசிஎச்ஏன்னு ஒரு அமைப்பு, 1991ல ஆரம்பிச்சது, அதுக்குக் கீழ நாட்டுல எங்கெங்கயோ இருக்குற கிளப் டீம்ங்க லீக் ஆடுவாங்க. கிளப்ல எல்லாம் நம்ம கைக்காசு. வேடிக்கை என்னன்னா மிச்சிகன் ஹாக்கி பைத்தியம் பிடிச்ச மாநிலம், டெட்ராய்ட்டுக்கு ஹாக்கிடவுன்னே பட்டப்பேரு, ஆனா நாங்க ஆடுன சீசன்ல அந்த மாநிலத்துல ஒரு காலேஜ்லகூட முதல் டிவிஷன் பொண்ணுங்க டீம் கிடையாது. இருந்த ஒண்ணையும், வேய்ன் ஸ்டேட் காலேஜோடது, 2011லயே மூடிட்டாங்க. அதனால ஆறு வயசுலேருந்து ஐஸ்ல ஆடுன பொண்ணுங்க, வெளி மாநிலம் போக முடியாதவங்க, எங்களை மாதிரி கிளப்ல வந்து நிப்பாங்க. எங்க டீம்ல அப்படிப்பட்டவங்க ஏழெட்டுப் பேரு, நடுத்தரமா ஆடுறவங்க அஞ்சாறு பேரு, ஒண்ணுமே தெரியாத நான் ஒருத்தி.

காசு விசயத்தைச் சொல்லிடுறேன், ஏன்னா சேரணும்னு நினைக்கிற பசங்க என்கிட்ட முதல்ல கேக்குறது இதான். எங்க கிளப்ல ஒரு ஆளுக்கு சீசனுக்கு 1,600 டாலர். தலை சுத்திருச்சு. இதுல பெரும்பங்கு எங்க போவுதுன்னா ஐஸ் வாடகைக்குத்தான், எங்க ரிங்க்ல (ஐஸ் மைதானத்துல) ஒரு மணி நேரத்துக்கு 275 டாலர். அதுவும் நல்ல நேரமெல்லாம் சின்னப் பசங்க டீமுக்கும் காசுக்கார ஆம்பளைங்க லீகுக்கும் போயிரும், எங்களுக்குக் கிடைச்சது செவ்வாய், வியாழன் ராத்திரி 10:15. முடிச்சு ரூமுக்கு வந்து படுக்க ஒண்ணரை மணி. நான் கேப்டன்கிட்ட கூச்சப்படாம நெலமையைச் சொன்னேன், என்னால மொத்தமாக் கட்ட முடியாதுன்னு. அப்பதான் தெரிஞ்சுது, கோலிக்குப் பாதிதான் வாங்குறாங்களாம், ஏன்னா கோலி கிடைக்கிறதே கஷ்டம். அந்த 800ஐயும் நாலு தவணையா கட்டச் சொன்னாங்க. இதை யாரும் போர்டு போட்டு எழுதி வைக்க மாட்டாங்க, வாயைத் திறந்து கேட்டாதான் உண்டு. மிச்சத்துக்கு ஆம்பளைங்க மேட்ச் நடக்குற அன்னிக்கு பாப்கார்ன் கடையில நின்னோம், 50/50ன்னு ஒரு குலுக்கல் சீட்டு வித்தோம், சேர்ந்த காசுல பாதி ஜெயிச்சவருக்குப் பாதி எங்களுக்கு. எனக்கு ஐஸ்ல நின்னதை விட சீட்டு விக்கிறது நல்லா வந்துச்சு.

சாமான்ல, கோலி பேடு, கையுறை, நெஞ்சுக் கவசம் எல்லாம் கிளப்போட பழைய செட்டு. யாரோ எந்தக் காலத்துலயோ வாங்குனது. புதுசா வாங்குனா ரெண்டாயிரம் டாலர் தாண்டும். அதோட நாத்தத்தைப் பத்தி நான் விவரிக்கப் போறதில்ல. ஒண்ணே ஒண்ணு, ஆடி முடிச்சு பையை மூடியே வச்சிட்டீங்கன்னா அடுத்த பிராக்டிஸுக்குள்ள அது தனி உயிர் ஆயிரும். எவ்வளவு அசதியா இருந்தாலும் ராத்திரியே எல்லாத்தையும் வெளில எடுத்துக் காயப் போடணும். என் ரூம்மேட் தெலுங்குப் பொண்ணு, பாவம், பாத்ரூம் கம்பியில என் கால் பேடு தொங்குறதைப் பாத்து முதல் நாள் அலறிட்டா. அப்புறம் ஒரு டேபிள் ஃபேன் வாங்கி வச்சேன், 20 டாலர், அந்த சீசன்ல நான் செஞ்ச உருப்படியான செலவு அதுதான். ஸ்கேட் மட்டும் சொந்தமா, பழசு வாங்குனேன். செருப்பு சைஸுல வாங்கிடாதீங்க, ஒண்ணு, ஒண்ணரை சைஸ் கம்மியா இருக்கணும், விரல் நுனி லேசாப் படணும், குதிகால் அசையக்கூடாது. கடைக்காரர் அதை ஒரு ஓவன்ல வச்சு சூடு பண்ணிக் காலுல மாட்டிவிட்டு கால் மணி நேரம் ஆடாம உக்காரச் சொன்னாரு, காலுக்கு ஏத்த மாதிரி படிஞ்சிருச்சு. பழைய ஹெல்மெட் யாராச்சும் சும்மா குடுத்தா பின்னாடி ஸ்டிக்கர்ல காலாவதி தேதி இருக்கான்னு பாருங்க, மருந்து மாத்திரை மாதிரி அதுக்கும் தேதி உண்டு.

ஸ்கேட்டிங் கத்துக்கிட்ட கதை பெருசா ஒண்ணும் இல்ல, விழுந்தேன் எந்திரிச்சேன். மத்தியானம் பொதுமக்களுக்கு ரிங்க் திறந்து விடுவாங்க, நாலஞ்சு டாலர், பிளாஸ்டிக் சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு தத்தித் தத்திப் போற நாலு வயசுக் குழந்தைங்களுக்கு நடுவுல நானும் போவேன். இதுல ஒரு முட்டாள்தனம் பண்ணேன், அதைச் சொல்லியே ஆகணும். ரெண்டாவது வாரம் விழுறப்ப கையை ஊணிட்டேன், மணிக்கட்டு வீங்கிருச்சு. எக்ஸ்ரே எடுத்தாச்சு, முறிவு இல்ல, சுளுக்குதான், ஆனா பில்லு 380 டாலர் என் தலையில. நான் எடுத்திருந்த ஸ்டூடண்ட் இன்சூரன்ஸ்ல பின்பக்கம் எங்கயோ கிளப் விளையாட்டுக்குத் தனி விதி போட்டிருந்தாங்க, அந்தப் பக்கத்தை நான் படிச்சதே இல்ல. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி அந்த ஒரு பக்கத்தைத் தேடிப் படிங்க. அப்புறம் விழுறப்ப கையை ஊணாதீங்க, உக்கார்ற மாதிரி பக்கவாட்டுல சரிஞ்சு விழுங்க, முட்டி மடங்கி இருந்தா பாதி அடி கம்மி.

எங்கம்மாவோட கவலை வேற மாதிரி. "ஏட்டி, பல்லு கில்லு போச்சுன்னா என்னட்டி செய்வ"ன்னாங்க. டிவில ஆம்பளைங்க ஐஸ் ஹாக்கி சண்டையை எங்கயோ பாத்துருக்காங்க. காலேஜ் பொண்ணுங்க ஆட்டத்துல ஆளை மோதித் தள்ளுறதுக்கு அனுமதி இல்ல, எல்லாருக்கும் முகத்தை மூடி முழுக் கம்பி வலை கட்டாயம்னு சொன்னேன். தோளோட தோள் உரசலாம், பக்கைப் (பந்துக்குப் பதிலா இருக்குற ரப்பர் வட்டம்) பிடுங்க நெருக்கலாம், ஆனா வேகமா வந்து ஆளைச் சுவத்துல அடிச்சா பெனால்டின்னு கொஞ்ச நேரம் ஆடவிடாம தனியா உக்கார வச்சிருவாங்க, அவ டீம் ஒரு ஆள் கம்மியா ஆடணும். அதைக் கேட்டு அவங்க நிம்மதியானாங்களான்னு தெரியல, அடுத்த தடவையும் அதே பல்லுக் கேள்விதான் வந்துச்சு.

நான் நெனச்சது என்னன்னா, கோல் போஸ்ட் சின்னது, அதனால ஈஸின்னு. நம்ம ஹாக்கில போஸ்ட் 12 அடி அகலம், 7 அடி உயரம். இங்க 6 அடிக்கு 4 அடி. பாதிகூட இல்ல. எடையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், நம்ம பந்து 156லேருந்து 163 கிராம், இவங்க பக் 170 கிராம் வரைக்கும். ஆனா அந்தப் பந்து உருண்டு வரும், இந்த ரப்பர் வட்டம் வழுக்கி வரும், நடுவுல யார் ஸ்டிக்லயாவது பட்டு எகிறும், கோலுக்குப் பின்னாடி போய் அங்கிருந்து வேற வரும். போஸ்டுக்குப் பின்னாடி ஆடுற இடம் இருக்குங்கிறதே எனக்குப் புதுசு. முதுகுக்குப் பின்னாடி ஒருத்தி நிக்கிறா, முன்னாடி ரெண்டு பேரு நிக்கிறாங்க, நான் எந்தப் பக்கம் திரும்புறது சொல்லுங்க.

இதுக்கெல்லாம் மேல ஒரு பழக்கம் என்னைப் போட்டு வதைச்சுது. கோவில்பட்டியில எங்க சார் பிரம்போட நின்னு சொல்லிக் குடுத்தது, பந்து காலுக்கு வந்ததும் உதைச்சு வெளில தள்ளு, ஓரத்துக்குத் தள்ளு, பந்து மேல படுத்தேன்னா எதிராளிக்குப் பெனால்டி கார்னர். அது ரத்தத்துல ஊறிப்போச்சு. இங்க அதுக்கு நேர் எதிரு. பக் கிட்ட வந்து நின்னா கோலி அதைக் கையுறையால அமுக்கி மூடணும், மூடிட்டா ரெஃபரி விசில் ஊதுவாரு, ஆட்டம் நின்னுரும், எல்லாரும் மூச்சு விடலாம். நான் ஒவ்வொரு தடவையும் நல்லாத் தடுத்துட்டு அப்புறம் அழகா உதைச்சு நேரா எதிராளி ஸ்டிக்குக்கே அனுப்பி வைப்பேன், அவ சிரிச்சுக்கிட்டே கோல் அடிப்பா. "மூடு, மூடு"ன்னு பிராக்டிஸ்ல எல்லாரும் கத்துவாங்க. மூளைக்குப் புரியும், காலுக்குப் புரியாது. வேற விளையாட்டுலேருந்து வர்றவங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன், தெரியாததைக் கத்துக்குறது அவ்வளவு கஷ்டம் இல்ல, தெரிஞ்சதை மறக்குறதுதான் மாசக்கணக்கா இழுக்கும்.

சரி, கதவுக்கு வர்றேன். ஐஸ் ஹாக்கில ஒரு நேரத்துல கோலியோட சேர்த்து ஆறு பேரு. ஒருத்தி முழு வேகத்துல 45 செகண்டுதான் ஓட முடியும், அதுக்கப்புறம் கால் கல்லாயிரும். அதனால ஆட்டம் நிக்காமலே ஆள் மாத்திக்கிட்டே இருப்பாங்க. உள்ள போற பொண்ணு ரிங்க்கைச் சுத்தி இருக்குற பலகையைத் தாண்டிக் குதிச்சுப் போவா, தெம்பா இருக்கால்ல. வெளில வர்றவ தாண்ட மாட்டா, மூச்சு வாங்கிட்டு வர்றவளுக்குக் கதவு வேணும். கதவு எப்பவும் பெஞ்ச் பக்கமாத்தான் திறக்கும், ஐஸ் பக்கம் திறந்தா வேகமா வர்ற யாராவது அதுல மோதிருவாங்க. இதுல என்ன பெரிய வித்தைன்னுதான் நானும் நெனச்சேன்.

முதல் மேட்ச்ல ஆர்வக்கோளாறுல எங்க பொண்ணு தூரத்துல வர்றப்பவே கதவைத் திறந்து வச்சிட்டேன். பெஞ்சுல அடுத்துப் போக வேண்டியவ கதவு திறந்ததைப் பாத்ததும் அதுதான் சிக்னல்னு நெனச்சுக் குதிச்சிட்டா. வெளில வர்றவ பெஞ்சுக்கு அஞ்சு அடிக்குள்ள வந்துருக்கணும், அதுக்கு முன்னாடி அடுத்தவ ஆட்டத்துல கலந்துக்கிட்டா ஆள் அதிகம்னு ரெண்டு நிமிசப் பெனால்டி. அந்த ரெண்டு நிமிசத்துல கோல் வாங்குனோம். நான் ஐஸ்ல காலே வைக்கல, ஆனா அந்தக் கோலுக்குக் காரணம் நான்தான். அதே சமயம் லேட்டாத் திறந்தா வர்றவ நேரா பலகையில மோதுவா. சரியான நேரம் எதுன்னா, அவ கண்ணு பக்கை விட்டுட்டு உங்களைப் பாக்கும் பாருங்க, அப்ப கைப்பிடியில கை, அவ ஸ்கேட்டைத் திருப்பி வேகத்தைக் குறைக்கிறப்ப திறக்கணும். உள்ள வந்ததும் உடனே மூடணும், திறந்து கிடந்தா பக் உள்ள வரும், ஆளு உள்ள வரும். பேரைச் சொல்லிக் கத்திக்கிட்டே இருக்கணும். இது யாரும் பாடமா சொல்லித்தரல, நாலு மேட்ச் தப்புப் பண்ணித்தான் வந்துச்சு.

ரெண்டாவது பீரியட்தான் கொடுமை. மூணு பீரியட், ஒண்ணொண்ணும் 20 நிமிசம், பீரியட் மாறுனா ரெண்டு டீமும் பக்கம் மாத்திக்குவாங்க, ஆனா பெஞ்சு மாறாது. அதனால முதல்லயும் மூணாவதுலயும் நம்ம கோல் பெஞ்சுக்குப் பக்கம், ரெண்டாவதுல மட்டும் நம்ம கோல் தூரத்துக்குப் போயிரும். டிஃபென்ஸ் ஆடுறவ அங்க மாட்டிக்கிட்டான்னா மாத்துறதுக்கு அம்புட்டு தூரம் வரணும், பக்கை வெளில தள்ளாம வந்தா கோலு. நல்ல டீமுக்கு எதிரா நாங்க மொத்தமா சரிஞ்சதெல்லாம் ரெண்டாவது பீரியட்லதான், எங்க டீம்ல மொத்தமே 13 ஸ்கேட்டர்தான், எதிர்ல 18 பேரு.

நவம்பர்ல எங்க சொந்த ரிங்க்லயே ஒரு மேட்ச். ரெண்டாவது பீரியட், எங்க 23-ம் நம்பர் டிஃபென்ஸ் பொண்ணு ஒரு நிமிசம் நாப்பது செகண்டா உள்ள மாட்டிக்கிட்டு இருக்கா. பெஞ்சுல எல்லாரும் கடிகாரத்தைப் பாக்குறாங்க. ஒரு வழியா பக்கை நடுக்கோட்டுக்கு மேல தள்ளிட்டு கவுந்த தலையோட கதவை நோக்கி வர்றா. நான் தாழ்ப்பாளை இழுக்குறேன், வரல. மறுபடி இழுக்குறேன், வரல. கோலி கையுறை வேற, இட்லிச்சட்டி சைஸுல, அதை வச்சுக்கிட்டு ஒரு சின்ன இரும்புத் தாழ்ப்பாளோட மல்லுக்கட்டுறேன். அவ வந்து கதவுல ரெண்டு கையையும் வச்சுக்கிட்டு அப்படியே தொங்குனா. ஏறித் தாண்டவும் தெம்பில்ல. அவ பாதி ஐஸ்ல பாதி பலகை மேல தொங்குறதைப் பாத்துக் குழம்பி மாத்து ஆளும் குதிக்கல, எதிராளி ரெண்டு பேரு நேரா எங்க கோலை நோக்கிப் போய் அடிச்சிட்டாங்க. கோச் ஒண்ணும் சொல்லல. அவரு ஒண்ணும் சொல்லாததுதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. 23 மட்டும் இன்டர்வெல்ல தண்ணி குடிச்சுக்கிட்டே சொன்னா, "லெஃப்ட் கதவு அப்படித்தான், லேசா மேல தூக்கி இழுக்கணும்." அதுலேருந்து எந்த ரிங்க் போனாலும் வார்ம்-அப் முன்னாடி நான் செய்யிற முதல் காரியம் ரெண்டு கதவையும் பத்து தடவை திறந்து மூடுறதுதான். பாக்குறவங்க லூசுன்னு நெனச்சிருப்பாங்க.

வெளியூர் பயணம்லாம் மினிவேன்ல. ஒஹையோ, இண்டியானா, நாலஞ்சு மணி நேரம், நாங்களே ஓட்டணும். வெள்ளி ராத்திரி ஒரு மேட்ச், சனி மத்தியானம் அதே டீமோட இன்னொண்ணு, ஒரு ரூமுக்கு நாலு பேரு. ஏரிப் பக்கம் பனி கொட்ட ஆரம்பிச்சா ரோடே தெரியாது. ரெண்டு பேருக்கு மேல ஓட்டத் தெரிஞ்சிருக்கணும் ஒவ்வொரு வண்டியிலயும், மேட்ச் முடிஞ்சு ராத்திரியே கிளம்புறேன்னு வீரம் காட்டக் கூடாது, இதை எங்க டீம் ஒரு தடவை பள்ளத்துல இறங்கி நின்னதுக்கு அப்புறம்தான் விதியா எழுதுச்சு (யாருக்கும் ஒண்ணும் ஆகல, இழுவை வண்டிக்குத்தான் தெண்டம் அழுதோம்). படிப்பைப் பொறுத்தவரை, செமஸ்டர் ஆரம்பத்துலயே மேட்ச் தேதியை எல்லாம் புரொஃபசருக்கு மெயில்ல அனுப்பிட்டேன். கடைசி நேரத்துல போய் நின்னா யாரா இருந்தாலும் மூஞ்சியைத் திருப்பத்தான் செய்வாங்க.

நான் கடைசி பீரியட் மட்டும் உள்ள போன அந்த மேட்ச் ஒஹையோலதான், ஜனவரி. எங்க முதல் கோலி காலையிலேருந்தே வயிறு சரியில்லன்னு சொல்லிட்டு இருந்தா, ரெண்டாவது பீரியட் முடிஞ்சு டிரெஸ்ஸிங் ரூம்ல குப்பைத்தொட்டியைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டா. ஸ்கோர் 2-3. கோச் என்னைப் பாத்தாரு. மத்த விளையாட்டுல உள்ள போறவளுக்குக் கொஞ்சம் ஓடிப் பாக்க நேரம் கிடைக்கும், நான் ஒன்றரை மணி நேரமா கதவு திறந்து மூடிட்டு இருந்தவ, உடம்பு விறைச்சுக் கிடக்கு. ஐஸ்ல இறங்கி 40 செகண்ட்ல முதல் ஷாட், கோலு. பக்கை நான் பாக்கவே இல்ல, பின்னாடி வலையில சத்தம் கேட்டுத்தான் தெரிஞ்சுது. ரெண்டாவது கோல் நான் உதைச்சுக் குடுத்த பக்தான், பழைய வியாதி.

அப்புறம் ஒரு ஷாட். வலது பக்கத்துலேருந்து தாழ்வா வந்துச்சு, முட்டி போட்டு ரெண்டு காலையும் விரிச்சேன், இடது பேடுல பட்டு அப்படியே முன்னாடி விழுந்து நின்னுச்சு. பக் என் முட்டிக்கு முன்னாடி ஒரு அடியில சுத்திக்கிட்டு இருக்கு. எதிராளி ஸ்டிக் ரெண்டு வருது. கால் உதைக்கத் தயாராகுது, எனக்கே தெரியுது அது தயாராகுறது. எப்படின்னு தெரியல, கால் நகர்றதுக்குள்ள கையுறை போய் அமுக்கிருச்சு. யாரோ என் கை மேல ஸ்டிக்கால ஒரு குத்துக் குத்துனா, இன்னொருத்தி என் மேலயே விழுந்தா, நான் கையை எடுக்கல. விசில். கண்ணைத் திறந்து பாத்தா எங்க 23 என் ஹெல்மெட்டை நெத்தியோட முட்டிக்கிட்டு கத்திக்கிட்டு இருக்கா. பெஞ்சுல எல்லாரும் ஸ்டிக்கால பலகையைத் தட்டுறாங்க. அந்த மேட்ச்ல நாங்க 2-7ன்னு தோத்தோம், அதனால இதைப் பெருசா எடுத்துக்க வேண்டாம். பத்து ஷாட் வந்துச்சு, நாலு உள்ள போச்சு. ஆனா அன்னிக்கு மூணு தடவை மூடுனேன்.

அதுக்கப்புறம் முழு மேட்ச் ரெண்டு குடுத்தாங்க, ரெண்டும் எங்களை மாதிரியே தத்தளிக்கிற டீமுக்கு எதிரா. ஒண்ணு தோத்தோம், ஒண்ணு ஜெயிச்சோம். ஜெயிச்சதுல என் பங்கு கம்மி, எதிராளி ஷாட்டே அதிகம் அடிக்கல. ஒரு சின்ன விசயம் மட்டும் சொல்றேன், எதிராளி ஒருத்தி பெனால்டில உள்ள உக்காந்திருக்கப்ப அவங்களுக்கு ஆட ஆள் கம்மி, அந்த நேரம் முடியப் போறப்ப கோலி ஸ்டிக்கால ஐஸைத் தட்டணும், டம் டம்னு, ஆடுறவங்களுக்குக் கடிகாரம் பாக்க நேரம் இருக்காது. அந்தச் சத்தம் எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. தேவையில்லாதப்பவும் தட்டிப் பாப்பேன்.

சீசன் பிப்ரவரியில முடிஞ்சுது, நேஷனல்ஸ் பக்கமெல்லாம் நாங்க எட்டிக்கூடப் பாக்கல. மார்ச் 23 அன்னிக்கு எல்லாரும் கேப்டன் வீட்டுல உக்காந்து என்சிஏஏ ஃபைனல் பாத்தோம். மினியாபொலிஸ்ல ரிட்டர் அரீனா, காலேஜ் பொண்ணுங்க ஹாக்கிக்குன்னே கட்டுன ரிங்க் அது. விஸ்கான்சினும் ஒஹையோ ஸ்டேட்டும். ஒஹையோ 3-2 முன்னாடி, முடிய 20 செகண்டுகூட இல்ல, கோல் முன்னாடி கும்பல்ல ஒஹையோ பொண்ணு பக்கை மூடிட்டான்னு விஸ்கான்சின் அப்பீல் பண்ணாங்க. வீடியோ பாத்துட்டு பெனால்டி ஷாட் குடுத்தாங்க. கோலியைத் தவிர வேற யாரும் கோல் முன்னாடி வரைஞ்சிருக்குற கட்டத்துக்குள்ள பக்கை மூடக் கூடாது. கிர்ஸ்டன் சிம்ஸ் தனியா வந்து அடிச்சு 3-3 ஆக்குனா, அப்புறம் ஓவர்டைம்லயும் அவளே அடிச்சு விஸ்கான்சின் கப்பு. வீடே அலறுது, நான் மட்டும் "நான் மூடலன்னு ஒரு வருசம் திட்டுனீங்க, இங்க மூடுனதுக்குக் கோலு"ன்னு சொன்னேன். 23 தலையணையைத் தூக்கி எறிஞ்சா.

டீம்ல என்கிட்ட அடிக்கடி கேப்பாங்க, இந்தியாவுல ஐஸ் ஹாக்கி உண்டான்னு. முதல்ல இல்லன்னு சொல்லிட்டு இருந்தேன், வெக்கக்கேடு. லடாக் பொண்ணுங்க உறைஞ்ச குளத்துல ஆடிப் பழகி வந்தவங்க, 2025 ஜூன்ல ஆசியக் கோப்பையில வெண்கலமே வாங்கிட்டாங்க. அந்த நியூஸை குரூப்புல போட்டேன், எங்க கோச் உட்பட எல்லாரும் ஹார்ட் போட்டாங்க. நம்ம வீட்டு விசயம் நமக்கே அடுத்தவங்க கேட்டாத்தான் தெரியுது.

இந்த செப்டம்பர்ல புதுசா ஒரு ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு வந்திருக்கா, ஆறு வயசுலேருந்து கோலி, பசங்களோட டீம்லயே ஆடுனவ. என்னை விட நூறு மடங்கு மேல. மேட்சுக்கு எங்க டீம்ல ரெண்டு கோலிதான் டிரெஸ் பண்ணுவாங்க, ஆக நான் இப்ப மூணாவது, பழைய கோலி பேடையும் அவளுக்குக் குடுத்தாச்சு, காயப் போடச் சொல்லி ஃபேனையும் சேர்த்துக் குடுத்தேன். பாதிக் காசும் இனி கட்ட வேண்டாம்னுட்டாங்க, ஸ்கோர்ஷீட் எழுதுறேன், சீட்டு விக்கிறேன். முதல் சீனியர் கோலி இன்னும் இருக்கா, அதனால இந்தப் பொண்ணும் கொஞ்ச நாள் பெஞ்சுலதான். சீசன் முதல் மேட்ச்சுக்கு முன்னாடி ரிங்க் காலியா இருந்தப்ப அவளைக் கூட்டிட்டுப் போய் லெஃப்ட் கதவுகிட்ட நிறுத்தி, கையுறையோடவே இழுத்துப் பாருன்னு சொன்னேன். இழுத்தா, வரல. இன்னொரு தடவை இழுத்தா, வரல, என்னைத் திரும்பிப் பாத்தா. லேசா மேல தூக்குன்னு சொன்னேன்.